“வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மறந்துவிடும்” என்கிறார்களே, உங்களுக்கு மறந்ததா?

பிப்ரவரி 3, 2024 – கேள்வி

என் மகன் 31 வாரத்தில் பிறந்து என்ஐசியுவில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் இதெல்லாம் மறந்துவிடும், இப்போது எதையும் யோசிக்காதே, டாக்டரிடம் எதையும் நோண்டிக் கேட்காதே என்று. இதைக் கடந்து வந்தவர்களிடம் கேட்கிறேன். மறந்ததா? மறந்தால்தான் நல்லதா?

பிப்ரவரி 3 – இரவு

மறக்கவில்லை. என் மகள் 29 வாரத்தில் பிறந்தாள், எடை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டியிருந்தது. இப்போது ஆறு வயது. ஓடுகிறாள், சண்டை போடுகிறாள், நன்றாக இருக்கிறாள். ஆனாலும் அந்த அறையில் எந்தக் குழாய் எங்கே தொங்கியது என்று இன்று கேட்டாலும் சொல்வேன்.

அதைவிட என்னைப் படுத்தியது, நினைவே இல்லாத நாட்கள். எனக்கு ரத்த அழுத்தம் எகிறி, வலிப்பு வந்துவிடக் கூடாது என்று மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் எரியும், கண்ணைத் திறக்க முடியாது, நாக்கு குழறும். அந்த நிலையில் சிசேரியன். குழந்தையை என் முகத்தருகே கொண்டுவந்து காட்டினார்களாம். எனக்குத் தெரியாது. அப்புறம் அவள் ஒரு தளத்தில், நான் இன்னொரு தளத்தில். என் மகளை நான் முதலில் பார்த்தது கணவரின் செல்போனில். தலையில் தொப்பி, மூக்கில் குழாய், பாதி முகம் பிளாஸ்திரி. “இதான் நம்ம பொண்ணு” என்று அவர் சொன்னார், நம்பினேன்.

என்னிடமும் எல்லாரும் மறந்துவிடு என்றுதான் சொன்னார்கள். அந்த முதல் நாட்களைப் பொறுத்தவரை மறப்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. அங்கே என் குழந்தைக்கு என்ன நடந்தது என்று யாராவது உட்கார்ந்து சொல்ல மாட்டார்களா என்றுதான் இருந்தது. பிறகு கேட்டும் படித்தும் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். தெரியத் தெரியத்தான் எனக்குத் தூக்கம் வந்தது. அதனால் நீங்கள் கேளுங்கள். நோண்டி நோண்டிக் கேளுங்கள்.

பிப்ரவரி 4

என்ன கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மானிட்டரிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் கண் எப்படியும் அங்கேதான் இருக்கும்.

பொதுவாக மூன்று எண்கள் ஓடும். இதயத் துடிப்பு, பெரும்பாலும் 120க்கும் 160க்கும் நடுவே. மூச்சு, நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை. அப்புறம் ஆக்சிஜன் அளவு, எல்லாரும் ‘சாச்சுரேஷன்’ என்பார்கள். ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்கு அது 90க்கும் 95க்கும் நடுவே இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். 100 ஏன் இல்லை என்று நான் பதறியிருக்கிறேன். 100 தொடர்ந்து இருந்தால் கொடுக்கும் ஆக்சிஜனைக் குறைப்பார்கள், ஏனென்றால் அதிக ஆக்சிஜன் வளர்ந்துகொண்டிருக்கும் விழித்திரையைக் கெடுக்கும். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் நல்லது என்று நினைத்து அள்ளிக் கொடுத்த ஆக்சிஜனால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். இதை ஒரு சிஸ்டர் எனக்கு இரண்டு நிமிடத்தில் விளக்கினார். அதற்குப் பிறகு 92ஐப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கவில்லை.

மூச்சு நின்று நின்று வருவதும் அப்படித்தான். ஐந்து, பத்து நொடி நின்றுவிட்டுத் தானாகத் தொடர்வது இந்தக் குழந்தைகளுக்கு வழக்கம். 20 நொடியோ அதற்கு மேலோ நின்றாலோ, குறைவான நேரமே நின்றாலும் துடிப்போ ஆக்சிஜனோ கூடவே சரிந்தாலோதான் ‘அப்னியா’ என்று எழுதுகிறார்கள். மூச்சுவிட உத்தரவிடும் மூளைப் பகுதி இன்னும் பழகாததுதான் பெரும்பாலும் காரணம். அதைத் தட்டி எழுப்பக் கொடுக்கும் மருந்து கஃபீன். காபியில் இருக்கிற அதே பொருள்.

பிப்ரவரி 4 – கொஞ்சம் கழித்து

காலில் கட்டியிருக்கும் சிவப்பு விளக்கு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சுடுமோ என்று எனக்கும் தோன்றியது. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் தோல் வழியாகச் செலுத்தி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது அது. 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டுபிடித்த முறை. அதற்கு முன் பெரும்பாலும் ரத்தம் எடுத்துத்தான் பார்ப்பார்கள். தோல் மெல்லியது என்பதால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை காலை மாற்றிக் கட்டுவார்கள். இரவில் அறை விளக்கைக் குறைத்த பிறகு அவள் பாதம் முழுவதும் உள்ளிருந்து சிவந்து தெரியும். அந்தப் பாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே பிடித்த விஷயங்களும் இருந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பாதிதான்.

பிப்ரவரி 6

கணவர் இதையெல்லாம் வாசித்தார். அவருடைய நினைவு வேறு மாதிரி இருக்கிறது. தொப்பி போடுவதற்கு முன், குழாய் வைப்பதற்கு முன் அவளைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். வார்மரில், அதாவது சூடு தரும் திறந்த படுக்கையில் கிடத்தியதும் மார்பு உள்வாங்கி உள்வாங்கி மேலெழுந்ததாம். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். “அந்தச் சத்தம் உனக்குக் கேட்காமல் போனதே நல்லது” என்றார். இத்தனை வருடத்தில் இதை இப்போதுதான் சொல்கிறார்.

அந்த முனகலுக்குக் காரணம் இருக்கிறது. நுரையீரலின் சிறு காற்றறைகள் மூச்சை வெளிவிடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காக்க, உட்புறத்தில் ‘சர்ஃபாக்டன்ட்’ என்ற பொருள் பூசியிருக்க வேண்டும். கருப்பையில் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவு சுரக்கும். அது இல்லாத குழந்தை ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சு போல இழுக்க வேண்டியிருக்கிறது. தொண்டையைப் பாதி மூடி முனகுவது, காற்று முழுவதும் வெளியேறாமல் பிடித்துவைக்கக் குழந்தை தானாகச் செய்யும் முயற்சி. ஒரு கிலோ உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட சத்தம் அது. இதை நான் சொன்னபோது என் கணவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ அவ அழல, வேலை பார்த்திருக்கா” என்றார்.

குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் இந்த மூச்சுத்திணறல் நோய்க்கு சர்ஃபாக்டன்ட் இல்லாததுதான் காரணம் என்று 1959இல் மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் இருவரும் காட்டினார்கள். 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயில் இரண்டு நாளுக்குள் இறந்தான். அவன் எடை இரண்டு கிலோவுக்கு மேல். உலகத்தின் எந்த வசதியும் எட்டக்கூடிய குடும்பம், ஆனால் அன்று மருந்தே இல்லை. 1980இல் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா குறைமாதக் குழந்தைகள் பத்துப் பேருக்கு மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்டை மூச்சுக்குழாய் வழியாகக் கொடுத்துப் பலன் கண்டார். என் மகளுக்கு அன்று கொடுத்ததும் அந்த வழியில் வந்த மருந்துதான். கொஞ்ச நேரத்தில் முனகல் அடங்கியது என்று கணவர் சொல்கிறார். ஒரு சின்னக் குப்பி.

பிப்ரவரி 6 – மறுபடியும்

மேலே சொன்னதோடு சேர்க்க வேண்டியது. அறுவைக்கு முன் எனக்குத் தொடையில் ஊசி போட்டார்கள், ஒரு நாள் கழித்து இன்னொன்று. ‘குழந்தையின் நுரையீரலுக்கு’ என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அது ஸ்டீராய்டு. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, இந்த மருந்து பெற்ற குறைமாத ஆட்டுக்குட்டி மூச்சுவிடுவதைக் கவனித்தார். அவரும் ஹவி என்ற குழந்தை மருத்துவரும் கர்ப்பிணிகளிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார்கள். நான் வெறுத்த அந்த மெக்னீசியமும் அப்படியே. என் வலிப்பைத் தடுத்ததோடு, இவ்வளவு முன்னதாகப் பிறக்கும் குழந்தைக்கு மூளைவாதம் வரும் வாய்ப்பையும் அது குறைக்கிறது.

பல மாதங்கள் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. என் உடம்பு அவளைக் கைவிட்டுவிட்டது என்றே அதுவரை நினைத்திருந்தேன். அந்த எரிச்சலோடு நான் படுத்துக் கிடந்த ஒவ்வொரு மணி நேரமும் மருந்து என் வழியாக அவளுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இதை அன்றே ஒருவர் என் காதில் சொல்லியிருந்தால்!

பிப்ரவரி 7

“பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது, நினைவும் இருக்காது, பெற்றோர்தான் ஊதிப் பெரிதாக்குகிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை விட்டுவிட்டுப் போக முடியாது.

வலி தெரியும். தெரியாது என்று மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. 1980கள் வரைகூடப் பிறந்த குழந்தைகளுக்குச் சரியான வலிநிவாரணம் இல்லாமல் அறுவை சிகிச்சைகள் நடந்தன. கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர் 1987இல் வெளியிட்ட ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. அறுவையின்போது வலிநிவாரணம் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு உடலில் அதிர்ச்சி குறைவாக இருந்தது, பிறகு வந்த சிக்கல்களும் குறைவு.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். என் மகள் சத்தமே இல்லாமல் அழுவாள். வாய் திறக்கும், முகம் சுருங்கும், சிபாப் (மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி) காற்று ஓடும் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. குத்துவதற்கு முன் நாக்கில் தாய்ப்பாலோ சர்க்கரைக் கரைசலோ சில துளி விட்டால் வலி குறைகிறது. நம் கையால் தலையையும் மடக்கிய கால்களையும் அசையாமல் பொத்திப் பிடித்தாலும் குறைகிறது. “குத்தும்போது நான் பிடித்துக்கொள்ளட்டுமா?” என்று கேளுங்கள். பெரும்பாலான சிஸ்டர்கள் சந்தோஷமாகச் சரி என்பார்கள். தடவிக் கொடுக்காதீர்கள், இந்தத் தோலுக்கு வருடல் எரிச்சல். கையை அசைக்காமல் வைத்திருங்கள்.

நினைவு இருக்குமா என்பதற்கு வருகிறேன். அவளுக்குக் கதையாக நினைவிருக்காது. சரி. ஆனால் அந்த நேரத்தில் வலித்தது. அது போதாதா, நாம் பக்கத்தில் நிற்க?

பிப்ரவரி 9

இன்று கொஞ்சம் சிரிக்க.

என் மகளை அங்கே சிஸ்டர்கள் ‘ரவுடி’ என்று கூப்பிடுவார்கள். உணவுக் குழாயை ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பிடுங்கிவிடுவாள். விரல் தீக்குச்சி மாதிரி இருக்கும், அதில் அப்படி ஒரு பிடி. கைக்கு உறை போட்டார்கள், உறையோடு சேர்த்துப் பிடுங்கினாள். “ரவுடி நைட் பூரா தூங்கல, எங்களையும் விடல” என்று காலையில் ஒரு சிஸ்டர் சொன்னபோதுதான், என் குழந்தைக்கு ஒரு குணம் இருக்கிறது என்று முதல் தடவையாகத் தோன்றியது. அதுவரை எடை, எண், ரிப்போர்ட் மட்டும்தான். அந்தச் சிஸ்டரின் குரலை இன்றும் கூட்டத்தில் அடையாளம் கண்டுவிடுவேன்.

பிப்ரவரி 9 – இன்னொன்று

எல்லாமே அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பார்க்கும் நேரம் கொஞ்சம்தான் கொடுத்தார்கள். ஒரு மருத்துவர், “வந்து பார்த்து என்னம்மா பண்ணப் போறீங்க” என்றார். நான் தையலோடு நின்றுகொண்டிருந்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை, திரும்பிப் போய்விட்டேன். இன்று என்னிடம் பதில் இருக்கிறது, கீழே எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

பால் பற்றிக் கேட்டவருக்கு.

முதலில் எனக்கு வந்தது சிரிஞ்சின் அடியில் ஒட்டிய மஞ்சள் ஈரம். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவே எனக்குக் கூச்சம். சிஸ்டர் அதைத் தங்கம் மாதிரி வாங்கி, பஞ்சில் தொட்டு அவள் கன்னத்தின் உட்புறம் தடவினார். சீம்பாலில் அவ்வளவு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் என்இசி என்று ஒரு கொடிய நோய் இருக்கிறது, தாய்ப்பால் கிடைக்கும் குழந்தைகளுக்கு அது வரும் வாய்ப்பு குறைவு. தாய்க்குப் பால் இல்லையென்றால் பால் வங்கியில் தானமாக வந்த, பதப்படுத்திய பாலும் அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு தருகிறது. கேட்டு வாங்குங்கள். கேட்பதில் எந்தக் குறையும் இல்லை.

ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு ஒரு மில்லி, குழாய் வழியாக. பிறகு இரண்டு. யாரோ ஒருவரின் குழந்தைக்கு அன்று ஐந்து மில்லியானால் பால் எடுக்கும் பம்ப் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கொண்டாட்டம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒன்றோடொன்று இசைத்துச் செய்ய 34 வாரம் வாக்கில்தான் குழந்தைக்கு வரும். அதனால் உங்கள் மகன் இப்போது வாயில் குடிக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அவனுக்கு இன்னும் அதற்கான வயதே வரவில்லை.

பால் குறைவாக வந்த நாட்களில் நான் அழுதிருக்கிறேன். இப்போது யோசித்தால், எனக்கு அங்கே செய்ய இருந்த ஒரே வேலை அதுதான் என்பதால் அத்தனை பாரத்தையும் அந்த ஒரு பாட்டில் மேல் ஏற்றியிருக்கிறேன். உங்கள் மேல் யாராவது அந்தப் பாரத்தை ஏற்றினால் இறக்கி வையுங்கள்.

பிப்ரவரி 13

அந்த மருத்துவருக்கான பதில்.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் இன்குபேட்டர் போதவில்லை. எட்கர் ரே சனப்ரியா என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் மார்பில், தோலோடு தோலாக, நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று பெயர் வந்தது. வெகுகாலம் அதை வசதியில்லாத இடத்துக்கான மாற்று என்றே பார்த்தார்கள். குழந்தை நிலைப்பட்ட பிறகுதான் செய்யலாம் என்றும் வைத்திருந்தார்கள். 2021இல் வெளியான ஆய்வு அதையும் மாற்றியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை நிலைப்படும் வரை காத்திருக்காமல் உடனே கங்காரு முறையில் வைத்தபோது, முதல் 28 நாட்களில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் பிறந்தவுடனேயே தொடங்கலாம், ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்று பரிந்துரைத்தது.

வந்து என்ன பண்ணப் போகிறேனா? இதைத்தான் பண்ணப் போகிறேன். தாயின் தோலே ஒரு சிகிச்சை.

எங்களுக்கு அது தாமதமாகத்தான் கிடைத்தது. முதலில் வைத்துக்கொண்டவர் என் கணவர், அப்போது நான் கட்டிலை விட்டு எழக்கூடாது. அப்பாவும் செய்யலாம், எனவே உங்கள் வீட்டிலும் மாறி மாறி உட்காருங்கள். என் முறை வந்தபோது எனக்கு ஒரே நடுக்கம், வயர்களோடு அவளை என் மேல் கிடத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. கனமே தெரியவில்லை. ஆனால் மானிட்டரில் துடிப்பு மெல்லச் சீராகி வந்ததை நான் பார்த்தேன். அங்கே இருந்த நாட்களிலேயே, எண்களைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

பிப்ரவரி 15

“அந்தக் காலத்தில் இன்குபேட்டரா இருந்தது?” என்று கேட்டவருக்கு: இருந்தது, நாம் நினைப்பதைவிட முன்பே. பாரிஸில் ஸ்டெஃபான் டார்னியே என்ற மகப்பேறு மருத்துவர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து 1880களின் தொடக்கத்திலேயே குழந்தைகளுக்குச் செய்ய வைத்தார். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் அக்கறை காட்டாதபோது, மார்ட்டின் கூனி என்பவர் கோனி தீவின் பொழுதுபோக்குத் திடலில் 1903 முதல் 1943 வரை குறைமாதக் குழந்தைகளைக் காட்சிக்கு வைத்தார். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் டிக்கெட் காசில் செவிலியர்களை வைத்து, பெற்றோரிடம் ஒன்றும் வாங்காமல் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிழைக்க வைத்தார். வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு நடுவே குழந்தையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போன அந்தத் தாய்மாரை நான் நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கூட்டத்தை அவர்கள் வெறுத்தார்களா, நன்றியோடு பார்த்தார்களா? இரண்டும் இருந்திருக்கும்.

பிப்ரவரி 18

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில நாளாக யோசித்தேன். நேற்று ஒருவர், “பக்கத்துக் குழந்தை போய்விட்டது, எங்கள் குழந்தை நன்றாக இருப்பதைச் சொல்லவே வாய் வரவில்லை” என்று எழுதியிருந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் வார்மருக்கு அடுத்த வார்மரில் ஒரு பையன் இருந்தான். அவன் அம்மாவும் நானும் பம்ப் அறையில் தினமும் பக்கத்தில் உட்காருவோம். பேர் கேட்டுக்கொண்டதில்லை, ‘ரவுடி அம்மா’ என்று அவர் கூப்பிடுவார், ‘தம்பி அம்மா’ என்று நான் கூப்பிடுவேன். ஒரு காலையில் திரை போட்டிருந்தார்கள், எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்ப உள்ளே போனபோது அந்த இடத்தில் புது விரிப்பு விரித்திருந்தது. அவர் பம்ப் அறைக்கு வரவில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அன்று எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் குழந்தை இல்லை, என் குழந்தை இல்லை என்று. அந்த நிம்மதி வந்ததற்காக வருடக்கணக்கில் நான் என்னை மன்னிக்கவில்லை. இப்போது மன்னித்துவிட்டேன். அந்த அறையில் நிற்கிற எந்த அம்மாவுக்கும் முதலில் அதுதான் வரும். துக்கம் அதற்குப் பின்னால் வந்தது, அது இன்னும் போகவில்லை. மகளின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அந்தப் பையனுக்கும் அதே வயது ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மறந்துவிடு என்பவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அவனை நினைத்துப் பார்க்க இந்த உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதில் நானும் ஒருத்தி. நான் ஏன் மறக்க வேண்டும்?

பிப்ரவரி 18 – இரவு

பலர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத இன்று முடியவில்லை.

பிப்ரவரி 20

வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும் என்பது பற்றி.

வீட்டுக்கு வந்த முதல் இரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை. மானிட்டர் இல்லை. அந்தச் சத்தத்தை அவ்வளவு வெறுத்திருந்தும், இல்லாதபோது அவள் மூச்சுவிடுகிறாளா என்று விரலை மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்னியா இல்லாமல் தொடர்ந்து பல நாட்கள் பார்த்த பிறகுதான் அனுப்புகிறார்கள், அது எங்களுக்கும் தெரியும். தெரிந்ததை அந்த இரவில் நினைத்துப் பார்க்கத்தான் முடியவில்லை.

ஒன்றைக் கவனமாக வையுங்கள். என்ஐசியுவில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்திருப்பார்கள், மூச்சுக்கு அது எளிது, மானிட்டரும் இருக்கிறது. வீட்டில் எப்போதும் மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும். அங்கே பழகியதை வீட்டிலும் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆபத்து.

வளர்ச்சியையும் பிறந்த தேதியை வைத்துக் கணக்கிடாதீர்கள். பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவதைத் திருத்திய வயது என்கிறார்கள், இரண்டு வயது வரை அப்படித்தான் பார்க்க வேண்டும். “இன்னும் குப்புற விழலையா?” என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் நான் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு விளக்குவதை நிறுத்திவிட்டேன், என் தலையில் கணக்கு சரியாக இருந்தால் போதும்.

அப்புறம் என்னைப் பற்றி. குழந்தை நன்றாகத் தேறிய பின்புதான் நான் உடைந்தேன். எங்காவது ஒரு கருவி ‘பீப்’ என்றால் கை ஜில்லிடும். கை கழுவும் அந்தத் திரவத்தின் வாசனைக்குக் கண்ணீர் வரும். மனநல ஆலோசகரிடம் போனேன். இது இந்தப் பெற்றோருக்கு அடிக்கடி வருகிற ஒன்று, பெரிய விபத்தைப் பார்த்தவர்களுக்கு வருவது போலத்தான் என்றார். அப்பாக்களுக்கும் வருகிறது, அவர்கள் சொல்வதில்லை. ஆலோசகர் சொன்னபடி டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, நானும் கணவரும் வரிவரியாகப் படித்தோம். புரியாத சொல்லுக்கு எல்லாம் குழந்தை மருத்துவரிடம் பொருள் கேட்டோம். முதல் பக்கத்திலேயே ஆப்கார் என்று இரண்டு எண் இருந்தது. பிறந்த ஒன்றாவது நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் பத்துக்கு எவ்வளவு என்று போடும் மதிப்பெண், 1950களில் வர்ஜீனியா ஆப்கார் என்ற மயக்க மருந்து மருத்துவர் வகுத்தது. என் மகளின் முதல் எண்ணைவிட இரண்டாவது எண் பெரியது. எனக்கு நினைவே இல்லாத அந்த நான்கு நிமிடங்களில் அவள் தேறியிருக்கிறாள், யாரோ அவளைத் தேற்றியிருக்கிறார்கள். கையெழுத்து கூட இருக்கிறது. சம்மரியை மட்டும் வாங்கி வராதீர்கள், தினசரி சிகிச்சையைக் குறித்துவைக்கும் கேஸ் ஷீட்டின் நகலும் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 24

உங்கள் மகன் சிபாப்பிலிருந்து இறங்கிவிட்டான் என்று வாசித்ததும் கணவரை எழுப்பிச் சொன்னேன். ரொம்ப சந்தோஷம்.

அடுத்து கண் பரிசோதனை என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பு சொன்ன விழித்திரைப் பாதிப்பு இருக்கிறதா என்று பிறந்து நான்கு வாரம் வாக்கில் பார்ப்பது அது. பார்க்கவே கஷ்டமாக இருக்கும், முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். கண்மணி விரிய சொட்டு மருந்து விடுவார்கள், பிறகு இமை மூடாமல் இருக்கச் சின்னக் கம்பிக் கருவி வைப்பார்கள். குழந்தை அழுவான். நாக்கில் பால் துளியோ சர்க்கரைக் கரைசலோ வைக்கச் சொல்லிக் கேளுங்கள், பொத்திப் பிடிக்க அனுமதித்தால் நீங்களே பிடியுங்கள். அன்று வெளிச்சம் கூசும், இன்குபேட்டர் மேல் துணி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பரிசோதனைக்குப் பிறகு மூச்சோ துடிப்போ கொஞ்ச நேரம் தடுமாறலாம், சிஸ்டர்களுக்கு அது தெரியும், பார்த்துக்கொள்வார்கள்.

ரிப்போர்ட்டில் ‘ஜோன்’, ‘ஸ்டேஜ்’ என்று எண்கள் இருக்கும். ஜோன் என்பது ரத்தக்குழாய்கள் விழித்திரையில் எதுவரை வளர்ந்திருக்கின்றன என்பது, எண் பெரிதானால் நல்லது. ஸ்டேஜ் நோயின் அளவு, எண் சிறிதானால் நல்லது. ஒரே தடவையில் முடியாது, ரத்தக்குழாய்கள் ஓரம் வரை வளரும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். ஒரு தேதியைக்கூடத் தவறவிடாதீர்கள், டிஸ்சார்ஜ் ஆன பிறகு வருகிற தேதிகளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சை தேவைப்பட்டால் லேசரோ கண்ணில் ஊசியோ உண்டு, தாமதிக்காமல் செய்ய வேண்டும். பரிசோதனை முடிந்ததும் எழுதுங்கள்.